சுங்காய் மெஷினும் என் இரும்பு ரூலரும்

ரப்பர் மரப் பலகையைச் சீவும்போது ஒரு புளித்த வாடை எழும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது தெரிந்த வாடைதான். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைப் போட்டு வைத்த சாக்கின் நாற்றத்துக்குத் தூரத்துச் சொந்தம். குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வந்த சொந்தம். ஈப்போவில் எங்கள் பட்டறையில் காலை எட்டரைக்கு ஜாயிண்டரைத் தட்டிவிட்டு முதல் பலகையை ஓட்டுவேன். வாடை மூக்கில் ஏறும். அதன் பின்னாலேயே சுங்காயில் ஒரு தகரக் கொட்டகை வந்து நிற்கும். கொட்டகைக்குள் கைலியும் டி-சட்டையும் போட்ட ஓர் அக்கா. அவர் என்னிடம் ஒரு சின்ன வேலை செய்யச் சொல்கிறார். நான் செய்யமாட்டேன் என்கிறேன்.

ஒவ்வொரு காலையும் செய்யமாட்டேன் என்கிறேன்.

மரவேலைக்கு வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, ஜாயிண்டர் பழசு வாங்கலாமா, புதுசு வாங்கலாமா?" பதில் இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன் நான் ஒரு தடவை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். இதை இதுவரை மூன்று பேரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதினால் காது சூடாகாது என்று நினைத்தேன். சூடாகிறது.

1. பன்னிரண்டு இஞ்சா, எட்டு இஞ்சா

ஜாயிண்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இரும்பில் இரண்டு மேசை, நடுவில் சுழலும் கத்தி. ஒரு மேசையில் பலகை நுழையும், மறு மேசையில் வெளியேறும். கோணல் பலகையின் ஒரு முகமும் ஓர் ஓரமும் அங்கே நேராகும். அதன் பிறகுதான் மற்ற மெஷின்களுக்கு வேலை. ஆகவே இரண்டு மேசையும் ஒரே மட்டத்தில், ஒரு மயிரிழை தொங்காமல் இருக்க வேண்டும். மேசை தொங்கினால் பலகையும் வளையும். வளைந்த பலகையை ஒட்டினால் நடுவில் வாய் பிளக்கும்.

எங்களிடம் இருந்தது ஆறு இஞ்சு அகலப் பலகை வரை சீவும் ஜாயிண்டர். பேரிங் போய், அம்மிக்குள் கல் மாட்டியது மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. அகலப் பலகை வைத்து நீள மேசைகள் செய்யும் வேலை வந்ததும் முதலாளி குணாவுக்கு முடிவெடுக்க வேண்டியதாகிவிட்டது. குணா என்னைவிடப் பத்து வயது இளையவர். கணக்கு, ஆர்டர், லோரி எல்லாம் அவர். மரமும் மெஷினும் நான்.

ஒருநாள் காலை பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ தேநீரைக் கையில் ஆட்டிக்கொண்டே வந்தார்.

"மணியம் அண்ணே, சுங்காய்ல ஒரு அக்கா ஜாயிண்டர் விக்கிறாங்களாம். பன்னெண்டு இஞ்சு லா! அந்தக் காலத்து இரும்பு. அதே காசுக்குப் புதுசுல எட்டு இஞ்சுதான் கிடைக்கும்."

"பழசுக்கு பார்ட்ஸ் கிடைக்காது பாஸ்."

"கிடைக்காட்டி செஞ்சுக்கலாம். நீங்க பாக்காத மெஷினா? போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்க ஓகேன்னா ஓகே, வேணாம்னா வேணாம். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது."

முடிவை என் கையில் கொடுத்துவிட்டார். நானோ அதற்குள் மனசில் முடிவெடுத்துவிட்டேன்.

எனக்குப் புதுசு வேண்டும். கடையில் பார்த்து வைத்திருந்தேன். சாம்பல் பூச்சு, பிளாஸ்டிக் உரை பிரிக்காத பட்டன், திருகு வடிவத்தில் சின்னச் சின்னக் கத்திகள் பதித்த உருளை. வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடச் சட்டை அண்ணன் போட்டது. சைக்கிள், தோட்ட ஆபீஸ் கிராணி வீட்டுப் பையன் ஓட்டி முடித்தது. முதல் ரம்பம் அடகுக்கடையில் எடுத்தது. மோட்டார் சைக்கிள் இன்னொருவன் பெயரில் இருந்து என் பெயருக்கு வந்தது. ஒரு பொருளின் மேல் முதல் கைரேகை என்னுடையதாக இருந்ததே இல்லை. இப்படி நினைத்துக்கொண்டு ஒருவன் மெஷின் பார்க்கப் போகக் கூடாது. போனேன்.

2. விழுந்த இரும்பு

இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அழகுபடுத்திவிடுவேன்.

என்னிடம் ஓர் இரும்பு ரூலர் உண்டு. மூன்றடி நீளம், கைக்குக் கனம். ஓரத்தைக் கிரைண்ட் பண்ணி நேராக்கிய நல்ல இரும்பு. மேசை நேராக இருக்கிறதா என்று பார்க்க அதை நிறுத்தி வைத்து, பின்னால் வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் கசிந்தால் மேசை நேராக இல்லை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி என் மனைவி அதற்கு உறை தைத்துக் கொடுத்திருந்தாள். அந்த உறையோடு முதுகில் மாட்டிக்கொண்டுதான் எங்கும் போவேன். "வாளு எங்க புறப்பட்டுருச்சு?" என்று குணா கேட்பார்.

சுங்காய் போவதற்கு இரண்டு வாரம் முன்பு பத்து காஜா என்ற ஊரில் ஒரு வீட்டில் அலமாரி பொருத்திக்கொண்டிருந்தோம். சுவரில் சாத்தியிருந்த ரூலர் சரிந்து சிமெண்டுத் தரையில் ஒரு மூலை குத்த விழுந்தது. மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லக்கா" என்றேன். எடுத்தேன். சட்டையில் துடைத்தேன். உறையில் போட்டேன்.

விழுந்த ரூலரைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை. அதை நான் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. என் ரூலருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

3. வெளிச்சம்

சுங்காயில் பெரிய ரோட்டை விட்டு எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து போனால் பழைய தோட்டத்து வீடுகள் பதினைந்தோ இருபதோ இருக்கும். பாதி காலி. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோது மரங்கள் அறுப்பு மில்லுக்குப் போயின. பால் வெட்டியவர்களில் சிலர் அதே மரங்களின் பின்னாலேயே மில் வேலைக்குப் போனார்கள். மெஷினை விற்கும் பார்வதி அக்கா அப்படிப் போனவர். மில்லில் ஜாயிண்டர் ஓட்டியிருக்கிறார். மில்லை மூடியபோது அந்த ஜாயிண்டரையே கேட்டு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மேசையும் பெஞ்சும் பள்ளிக்கூட டெஸ்க்கும் தனியாளாகச் செய்திருக்கிறார். அறுபதை நெருங்கும் வயசு. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த டி-சட்டை, பூப்போட்ட பாத்திக் கைலி, காதுக்குப் பின்னால் பென்சில்.

"வாங்க தம்பி. ஈப்போவுல இருந்தா? முதுகுல என்ன, பாம்பு பிடிக்க வந்தீங்களா?"

நான் சிரிக்கவில்லை. நிபுணர் சிரிக்கக் கூடாது என்று எனக்கு ஓர் எண்ணம்.

எனக்கு முன்னால் இன்னொருவர் வந்திருந்தார். காம்பாரில் பட்டறை வைத்திருக்கும் சீன முதலாளி, தவுக்கே என்பார்கள். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, தொட்டிலை ஆட்டுகிற மாதிரிக் கத்தி உருளையைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

மெஷினைச் சொல்ல வேண்டும். பச்சைப் பூச்சு உரிந்து இரும்பு தெரிந்தது. மேசை மட்டும் எண்ணெய் துடைத்துக் கண்ணாடி. இருபது வருடம் பலகை உரசி உரசி வந்த வழவழப்பு. என் முகமும் தகரக் கூரையின் ஓட்டைகளும் அதில் தெரிந்தன.

"ஓட்டிக் காட்டுங்கக்கா," என்றேன்.

"கரண்ட் வெட்டிட்டாங்க தம்பி. மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் காலி பண்ணணும், எடத்தை வித்துட்டாங்க. பொண்ணு சிரம்பான்ல ஒம்பதாவது மாடியில இருக்கா. அங்கதான் போறேன். இதை லிஃப்ட்டுல ஏத்தினா லிஃப்ட்டு பாதாளத்துக்குப் போயிரும்." அவரே சிரித்தார். பிறகு மேசையைத் தடவினார். "பழைய இரும்புக்காரனுக்கு மட்டும் போடமாட்டேன். ரெண்டு வாட்டி வந்துட்டான். ஓடுற எடத்துக்குப் போகட்டும். யாரு வாங்கினாலும் சரி, நாளைக்கே மரத்தைப் போட்டு ஓட்டணும். அவ்வளவுதான் எனக்கு."

ஓட்டிப் பார்க்க முடியாத மெஷினுக்குச் சாட்சி ரூலர் ஒன்றுதான். உறையைக் கழற்றினேன். இரண்டு மேசையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, ரூலரை நிறுத்தி வைத்தேன். கைப்பேசி டார்ச்சைப் பின்னால் பிடித்தேன். குனிந்தேன்.

இடது முனைக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சக் கோடு. பலகை வெளியேறும் மேசை முனையில் தொங்குகிறது.

சட்டைப்பையில் இருந்த நம்பர் கடை லாட்டரி டிக்கெட்டை அந்த இடைவெளியில் விட்டேன். நுழைந்தது.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் குறிப்பிலேயே எனக்குக் கஷ்டமான வரி. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. மெல்லிய வெள்ளைக் கோடு, அதற்கு அந்தப் பக்கம் சாம்பல் பூச்சுப் பூசிய என் புது மெஷின். கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன். தேடிக்கொண்டு வந்தது கிடைத்தால் மனுஷன் அதற்கு மேல் தேடமாட்டான்.

"வெளி மேசை தொங்குதுக்கா."

"இருக்காதே." அக்கா குனிந்து பார்த்தார். வெளிச்சத்தை அவரும் பார்த்தார். முகம் கொஞ்சம் இறுகியது. "தம்பி, அந்த ரூலரை ஒருவாட்டி திருப்பி வச்சுப் பாருங்க. இந்த முனை அங்க, அந்த முனை இங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். மில்லுல நாங்க அப்படித்தான் பாப்போம்."

"அக்கா, இது பள்ளிக்கூட ரூலர் இல்ல. கிரைண்ட் பண்ணின இரும்பு. மில்லுல பாத்ததெல்லாம் வேற. இது பொய் சொல்லாது."

"இரும்பைச் சொல்லல தம்பி..."

"மெஷினுக்கும் வயசாகும்ல? நம்ம முதுகு வளையல?"

அக்கா ரூலரையே பார்த்தார். ஒருமுறை கையை நீட்டினார், ரூலரை வாங்கித் தானே திருப்பிவிட. நான் அதை எடுத்து உறையில் போட்டுவிட்டேன். அவர் கை நீட்டியபடி ஒரு கணம் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

அங்கேயே நின்று குணாவுக்குப் போன் போட்டேன். கொட்டகைக்கு வெளியே போய்ப் பேசியிருக்கலாம். நாலு பேர் கேட்கட்டும் என்று ஒரு திமிர்.

"பாஸ், மேசை வளைஞ்சிருச்சு. இதை வாங்கினா நாம பலகை செய்ய முடியாது, வாழைப்பழந்தான் செய்யணும்."

தவுக்கேவுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். என்னைப் பார்த்துக் கேட்டார்: "பெங்கோக் கா?" வளைந்துவிட்டதா என்று.

"பெங்கோக், தவுக்கே."

அவர் மெஷினை இன்னொரு தடவை பார்த்தார். பெருமூச்சு விட்டார். "பெங்கோக், தா போலே லா," வளைந்தது ஆகாது என்று தலையை ஆட்டிவிட்டு, கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லோரியில் ஏறினார்.

எனக்கு ஒரு குவளை கோப்பி கலந்து வைத்திருந்தார் அக்கா. குடித்தேன். அதையும் குடித்தேன்.

4. புதுசு வந்தது

பத்தாவது நாள் புது ஜாயிண்டர் லோரியில் வந்து இறங்கியது. எட்டு இஞ்சு. பிளாஸ்டிக் உரையை நானே உரித்தேன். கிரீஸும் அட்டைப்பெட்டியும் கலந்த புது வாடை. குணாவின் மனைவி சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்தார். பலகையை அணைத்துத் தள்ளும் ஓரத் தடுப்பான ஃபென்ஸில் மூன்று பொட்டு வைத்தோம். பழத்தை வெட்டி நாலு காலுக்கும் வைத்துச் சூடம் காட்டினோம். பிறகுதான் ரூலரை எடுத்தேன். முதலில் பூஜை, பிறகு சோதனை. எங்கள் பட்டறை வழக்கம் அப்படி.

நிறுத்தி வைத்தேன். டார்ச். குனிந்தேன்.

இடது முனைக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சக் கோடு.

நம்பர் கடை டிக்கெட்டை விட்டுப் பார்த்தேன். அதே மாதிரி, அதே அளவு, நுழைந்தது. அப்போதே தெரிந்துவிட்டது என்றுதான் இன்று நினைக்கிறேன். ஆனால் வாய் வேறு சொன்னது.

"பாஸ், இதுவும் தொங்குது. கம்பெனிக்காரங்களைக் கூப்பிடுங்க."

குணா சூடத் தட்டைக் கீழே வைத்தார். "என்ன அண்ணே, பொட்டு காயல, அதுக்குள்ள புதுசும் பெங்கோக்கா? அப்போ உலகத்துலயே நேரா இருக்கிறது நீங்க ஒருத்தர்தானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் புது மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து நசீர் பாய் வந்தார். என் வயசுதான் இருக்கும். அதிகம் பேசாத மனுஷர். நான் ரூலரை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து வெளிச்சத்தைப் பார்த்தார். ரூலரைத் தூக்கி, முனை மாற்றித் திருப்பி வைத்தார்.

வெளிச்சம் இடது பக்கத்தை விட்டு வலது பக்கம் போய் நின்றது. ரூலரோடு நடந்து போய்விட்டது.

மேசையில் கோணல் இருந்தால் வெளிச்சம் இருந்த இடத்திலேயே இருக்கும். ரூலரில் கோணல் இருந்தால் ரூலர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். இவ்வளவுதான். ஒரு வாய்க் கோப்பி குடிக்கும் நேரம் ஆகாது.

நசீர் பாய் ரூலரின் மூலையை நகத்தால் தடவினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். அரிசி நொய் அளவுகூட இல்லாத ஒரு புடைப்பு. மூலை குத்தி விழுந்த இடத்தில் இரும்பு நசுங்கிப் பிதுங்கியிருக்கிறது. அந்த முனையை அது தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"எங்கயாச்சும் கீழ போட்டீங்களா அண்ணே?"

"இல்லையே," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சாணைக்கல்லுல ரெண்டு தேய் தேய்ங்க, போயிரும். மெஷின் நல்லா இருக்கு," என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு குணா கேட்டார். சும்மாதான் கேட்டார், குரலில் குற்றம் இல்லை. "அப்போ அந்த சுங்காய் மெஷின், அண்ணே?"

"அது வேற பாஸ். அதுல வேற பிரச்சினையும் இருந்துச்சு."

ஒரே நாளில் இரண்டாவது பொய். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் கல்லில் எண்ணெய் விட்டு மூலையைத் தேய்த்தேன். பாய் சொன்ன மாதிரி இரண்டே தேய்ப்பு. மறுபடி மேசையில் வைத்தேன், திருப்பியும் வைத்தேன். வெளிச்சம் இல்லை. எங்கேயும் இல்லை.

5. கேட்ட கேள்விக்குப் பதில்

பழசா புதுசா? சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜாயிண்டர் அதே விலைக்கு அகலமும் கனமும் தரும். கனம் இருந்தால் அதிராது. அதிராவிட்டால் பலகையில் அலை விழாது. உருளையைக் கையால் சுற்றிக் காதைக் கொடுங்கள். பேரிங் கரகரத்தால் பயப்பட வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். வார்ப்பிரும்பில் விரிசலும் வெல்டிங் தழும்பும் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கத்தியை மூடும் கார்ட் இல்லையென்றால் அதைச் செய்து மாட்டும் வரை ஒரு குச்சியைக்கூடச் சீவாதீர்கள். புதுசு என்றால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும், பார்ட்ஸ் கிடைக்கும், தூசி உறிஞ்சும் குழாய் இருக்கும். அகலம் குறையும். உங்கள் வேலைக்கு அகலம் வேண்டுமா, ஆள் வேண்டுமா என்று பார்த்து எடுங்கள்.

இதெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்வார். நான் சொல்ல வேண்டியது இன்னொன்று. மேசையைப் பார்ப்பதற்கு முன் ரூலரைப் பாருங்கள். திருப்பி வையுங்கள். விற்கிறவர் கேட்காவிட்டாலும் திருப்பி வையுங்கள். கேட்டால், அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மனசுக்குள் முடிவெடுத்துக்கொண்டு மெஷின் பார்க்கப் போனால், போகாமல் வீட்டில் படுத்துத் தூங்குங்கள். குறைந்தபட்சம் இன்னொருவர் வீட்டுக் கோப்பியாவது மிஞ்சும்.

6. நாலு போல்ட் ஓட்டை

பார்வதி அக்காவின் நம்பர் என் கைப்பேசியில் இருந்தது. நான் அழைக்கவில்லை. இன்று வேலை அதிகம், நாளை மழை, மறுநாள் அவரும் வேலையாக இருப்பார். தவுக்கே எப்படியும் திரும்பி வந்து வாங்கியிருப்பார் என்று ஒரு கதையும் கட்டிக்கொண்டேன். இரண்டு வாரம் இப்படிப் போனது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரை எடுத்தேன். ரூலர் முதுகில்.

வீட்டு வாசலில் அரிசிச் சாக்குகளில் சாமான் கட்டி வைத்திருந்தது. கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சிமெண்டுத் தரையில் நாலு போல்ட் ஓட்டைகள், அவற்றைச் சுற்றி மெஷின் நின்ற அளவுக்கு வெளுப்பான ஒரு கட்டம். மூலையில் மட்டும் கொஞ்சம் மரச்சீவல். அந்த வாடை அதில் இன்னும் இருந்தது.

அக்கா பின்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி, இப்ப எதை அளக்க வந்தீங்க?"

"மெஷின் எங்கக்கா?"

"இரும்புக்காரன் புதன்கிழமை வந்தான். முழுசா ஏத்த முடியல. சம்மட்டியால அடிச்சு மேசையை நாலா உடைச்சான். முதல் அடியில உடையல." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டாவதுலயும் உடையல."

"காம்பார் தவுக்கே...?"

"அவருக்கு நான் போன் போட்டேன். பெங்கோக் மெஷினுக்கு ஆளு அனுப்ப மாட்டேன்னுட்டாரு. இன்னும் ரெண்டு பேருக்குப் போட்டேன். அவங்க அவரைக் கேட்டிருக்காங்க."

நின்றபடியே சொன்னேன். ரூலர் விழுந்தது, துடைத்தது, புது மெஷின், திரும்பிய வெளிச்சம், நசீர் பாயிடம் சொன்ன பொய், குணாவிடம் சொன்ன பொய். எனக்குப் புதுசுதான் வேண்டியிருந்தது என்பதையும் சொன்னேன். "உங்க மெஷின் நேராத்தான் இருந்துச்சுக்கா. வளைஞ்சது என் ரூலர்."

அவர் கையை நீட்டினார். அன்று நீட்டிய அதே கை. இந்தத் தடவை கொடுத்தேன். உறையைக் கழற்றி, காதுப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நாலு மூலையையும் நகத்தால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார்.

"எங்க இருக்கு அந்தப் புடைப்பு?"

"தேய்ச்சுட்டேன்க்கா."

"தேய்ச்சுட்டீங்க." ரூலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ மெஷினும் இல்ல, புடைப்பும் இல்ல. அன்னிக்கும் உங்க வாயைத்தான் நம்பினேன். இன்னிக்கும் அதைத்தான் நம்பணும்."

ரூலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு தரையின் வெளுத்த கட்டத்தைப் பார்த்தார்.

"நீங்க போனப்புறம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்த மெஷின்ல சீவின ரெண்டு பலகை கிடந்துச்சு. ஓரத்தோட ஓரம் சேத்து வாசல்ல வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரல. அப்படியே நேரா இருக்கு. சரி, கண்ணு போயிருச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். பீடோர்ல கண்ணு டாக்டர்கிட்டப் போனேன். 'அம்மா, உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வந்தீங்க'ன்னாரு." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "இருபது வருசம் அந்த மேசை நேரா இருந்தது எனக்குத் தெரியும் தம்பி. நீங்க வர்ற வரைக்கும் தெரிஞ்சிருந்துச்சு."

"என்னை மன்னிச்சிருங்கக்கா. நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. என்னவாச்சும் செய்யிறேன்."

அவர் ரூலரை உறையில் போட்டார். உறையின் வாயை இரண்டு மடிப்பு மடித்து என்னிடம் கொடுத்தார். மோட்டார் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். வழியில் ஒரு சாக்கை நிமிர்த்தி வைத்தார். நான் ஹெல்மெட் போடும் வரை காத்திருந்தார்.

"சிரம்பான்ல எனக்கு மரவேலை கிடையாது. அங்க யாரும் என்னைக் கேட்கப் போறதில்ல. ஆனா இந்தப் பக்கத்துல, வளைஞ்ச மெஷின்ல வேலை பாத்தவள்னு என் பேரு நிக்கும். தவுக்கே கடை ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. நீங்க ஈப்போ போற வழிதானே காம்பார்? இறங்கிச் சொல்லிட்டுப் போங்க தம்பி."